‘பலம் குறைந்த ஆசிட்’ என்று ஏமாறாதீர்கள்!



பால்மரத் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு ஆசிட் புதிய பொருள் அல்ல. பாலை உறைய வைக்க ஸ்டோரில் ஊற்றுவது ஆசிட். மங்கிலேயே கட்டிப்பால் ஆக்குவதற்குச் சிலர் போத்தலில் கொண்டுபோய் இரண்டு சொட்டு விடுவதும் ஆசிட். மலாய்க்காரர்கள் இதைச் ‘சுக்கா கெத்தா’ என்கிறார்கள். புத்தகத்தில் இதற்குப் பெயர் பார்மிக் அமிலம். நாம் சுருக்கமாகப் ‘பால் ஆசிட்’ என்று சொல்லிவிடுகிறோம்.

இந்தப் பால் ஆசிட்டைப் பற்றி அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. “பேட்டரி ஆசிட்டுதாங்க பொல்லாதது. பால் ஆசிட்டு பலம் குறைஞ்சதுதான். என் மகன் படிவம் 4 புத்தகத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கு!”

புத்தகத்தில் அப்படிப் போட்டிருப்பது உண்மைதான். இரசாயனப் பாடத்தில் பார்மிக் அமிலம் ‘அசிட் லெமா’, அதாவது பலம் குறைந்த அமிலம் என்ற பட்டியலில்தான் வருகிறது. ஆனால் புத்தகம் சொல்லும் ‘பலம் குறைவு’ ஒன்று. நாம் புரிந்துகொள்ளும் ‘பலம் குறைவு’ வேறொன்று. இந்த ஒரு வார்த்தைக் குழப்பத்தில்தான் கண்ணாடி அணியாமல் ஆசிட் ஊற்றுகிற பழக்கம் வருகிறது. இந்தப் பழக்கத்துக்கு விலை ஒரு ஜோடிக் கண்ணாகக்கூட இருக்கலாம். ஆகவே இந்த மாதம் இந்த ஒரு வார்த்தையைப் பிரித்துப் பார்ப்போம். இரசாயனம் படிக்காதவர்களும் பயப்பட வேண்டாம். பெரட்டுக்குப் போய் வந்தவர்களுக்கு இது எளிதாகவே விளங்கும்.

ஆசிட் இல்லாத அடுப்படி உண்டா?

ஆசிட் என்றதும் புகை வரும், துணி பொத்தலாகும், தோல் வேகும் என்றுதான் மனம் நினைக்கிறது. ஆனால் காலையில் இருந்து இரவு வரை நாம் ஆசிட்டோடுதான் குடித்தனம் நடத்துகிறோம்.

ரசத்தில் கரைக்கும் புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். லீமாவ் பிழிந்தால் வருவது சிட்ரிக் அமிலம். பால் தயிரானால் அதில் இருப்பது லாக்டிக் அமிலம். கடையில் வாங்கும் வினிகரில் அசிட்டிக் அமிலம். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்கினால் பளபளவென்று ஆகிறதே, அது எப்படி? மேலே படிந்த கறையைப் புளியில் உள்ள ஆசிட் கரைத்துவிடுகிறது. நம் அம்மாக்களும் பாட்டிகளும் இரசாயனம் படிக்காமலே செய்துவந்த இரசாயனம் இது.

இன்னும் ஒன்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். நம் வயிற்றுக்குள்ளேயே ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுரக்கிறது. இது இரசாயனப் பட்டியலில் ‘பலமான’ அமிலம்! கக்கூஸ் கழுவ விற்கும் சில மருந்துகளில் இருப்பதும் இதே ஆசிட்தான். வயிற்றில் இது நீர்த்த நிலையில் இருந்து, உணவைச் செரிக்கவும் கிருமிகளைக் கொல்லவும் உதவுகிறது. இரைப்பையின் உட்புறத்தில் வழவழப்பான சளிப்படலம் ஒன்று பூசினாற்போல இருந்து காப்பதால் இரைப்பை வெந்துபோவதில்லை. அந்தக் காப்பு இல்லாத தொண்டைக் குழாய்க்கு ஆசிட் ஏறி வந்தால்தான் நமக்கு நெஞ்செரிச்சல்.

பார்த்தீர்களா? பலமான ஆசிட் வயிற்றுக்குள் நன்மை செய்கிறது. பலம் குறைந்த ஆசிட் ஸ்டோரில் கண்ணைப் பறிக்கிறது. அப்படியானால் ‘பலம்’ என்ற சொல்லை மட்டும் வைத்து ஆபத்தை அளக்க முடியாது என்பது தெரிகிறதல்லவா?

எறும்பு கொடுத்த பெயர்

பார்மிக் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? லத்தீன் மொழியில் எறும்புக்குப் ‘பார்மிகா’ என்று பெயர். 1671இல் ஜான் ரே என்ற ஆங்கிலேய இயற்கை ஆராய்ச்சியாளர் ஏராளமான எறும்புகளைக் காய்ச்சி வடித்தபோது கிடைத்த புளிப்பு நீரைப் பற்றி எழுதினார். அதனால்தான் இது எறும்பு ஆசிட்.

மரத்தில் இலைகளைச் சேர்த்துப் பின்னிக் கூடு கட்டும் ‘கெரங்கா’ எறும்பு நம் எல்லாருக்கும் பழக்கம். அது கடித்துவிட்டுக் கடிவாயில் பீய்ச்சுவது இந்த ஆசிட்டைத்தான். ஓர் எறும்பிடம் இருப்பது கண்ணுக்குத் தெரியாத துளி. அந்தத் துளிக்கே “ஐயோ!” என்று கையை உதறுகிறோம். தோட்டத்து ஸ்டோருக்குக் கேனில் வருவது 85 விழுக்காடு, 90 விழுக்காடு, அதற்கும் மேல் கெட்டியான பார்மிக் ஆசிட். எறும்பின் துளியையும் இந்தக் கேனையும் பக்கத்தில் வைத்து நினைத்துப் பாருங்கள்.

பெரட்டில் எத்தனை பேர்?

இப்போது அந்தப் புத்தக விஷயத்துக்கு வருவோம்.

ஆசிட் எதுவானாலும் அது வேலை செய்வது ஹைட்ரஜன் அயனி என்ற மிக நுண்ணிய துகளை வெளியே விடுவதன் மூலம்தான். அந்தத் துகளை ஒரு தொழிலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். புளிப்பது, அரிப்பது, பாலை உறைய வைப்பது எல்லாம் அந்தத் தொழிலாளியின் வேலை.

ஒரு லயத்தில் 100 பேர் இருக்கிறார்கள். விடியற்காலையில் பெரட்டுக்கு மணி அடிக்கிறது. 100 பேரும் வெளியே வந்து நின்றுவிட்டால், அதுதான் பலமான ஆசிட். ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக், சல்பூரிக் மூன்றும் இந்த ரகம். தண்ணீரில் கலந்த உடனே தொழிலாளிகள் வெளியே வந்துவிடுவார்கள்.

இன்னொரு லயத்தில் மணி அடித்தாலும் நாலு பேர்தான் வருகிறார்கள். மற்ற 96 பேர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். இதுதான் பலம் குறைந்த ஆசிட். ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ நாலரை கிராம் பார்மிக் ஆசிட் கலந்தால் நூற்றுக்கு நாலு பங்குதான் பிரிந்து வெளியே வரும். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தை ஒரு லிட்டருக்கு 6 கிராம் கலந்தால் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல்தான் வரும்.

“அப்படியானால் நாலு பேர்தானே வேலை செய்வார்கள்? பயம் எதற்கு?” என்று கேட்பீர்கள். இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. வெளியே வந்த நாலு பேருக்கும் வேலை கிடைத்து அவர்கள் நகர்ந்துவிட்டால், வீட்டுக்குள் இருந்து அடுத்த நாலு பேர் வந்து நிற்பார்கள். அவர்களும் போனால் இன்னும் நாலு பேர். இப்படியே கடைசி ஆள் வரைக்கும் வருவார்கள். தோலின் மேலோ கண்ணின் மேலோ ஆசிட் பட்டால், அங்கே ஒவ்வொரு துகளுக்கும் ‘வேலை’ இருக்கிறது. ஆகவே பலம் குறைந்த ஆசிட்டும் தன்னிடம் உள்ள ஆள் எல்லாரையும் இறக்கிவிடும்.

புத்தகம் சொல்வது மணி அடித்ததும் எத்தனை பேர் வெளியே நிற்கிறார்கள் என்ற கணக்கு மட்டுமே. லயத்துக்குள் மொத்தம் எத்தனை பேர் என்பது வேறு கணக்கு. அந்த இரண்டாவது கணக்கைத்தான் கெட்டி, நீர்த்தது என்கிறோம்.

இதை மனதில் பதிய வையுங்கள்: பலம் என்பது ஆசிட்டின் குணம். கெட்டி என்பது அதில் எவ்வளவு தண்ணீர் சேர்த்திருக்கிறோம் என்பது. குணத்தை நாம் மாற்ற முடியாது. தண்ணீரை நாம்தான் சேர்க்கிறோம்.

வினிகரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அசிட்டிக் அமிலம் 4, 5 விழுக்காடு. ஊறுகாயில் ஊற்றுகிறோம், மீனில் தெளிக்கிறோம். அதே அசிட்டிக் அமிலம் தண்ணீர் இல்லாமல் கெட்டியாக இருந்தால் தோலைப் பொசுக்கிக் கொப்புளம் போட்டுவிடும். இரண்டுமே புத்தகத்தில் ‘பலம் குறைந்த’ ஆசிட்தான்! ஒன்று சமையலறையில், மற்றொன்று மருத்துவமனைக்கு அனுப்பும்.

புளிப்பை அளக்கும் கோல்

வெளியே நிற்கும் துகள்களை எண்ணி அளக்க ஒரு கோல் உண்டு. 1909இல் டென்மார்க் நாட்டு விஞ்ஞானி சோரன்சன் இதைக் கொண்டுவந்தார். இதைப் ‘பிஎச்’ என்று அழைக்கிறார்கள். சாதாரணமாக 0 முதல் 14 வரை போகும். நடுவில் 7 என்பது சுத்தமான தண்ணீர். 7க்குக் கீழே போகப் போகப் புளிப்பு, அதாவது ஆசிட். 7க்கு மேலே போகப் போகக் காரம், அதாவது சுண்ணாம்பு, சவர்க்காரம் போன்றவை.

புதிதாக வெட்டிய ரப்பர் பால் ஏறத்தாழ 7க்குப் பக்கத்தில் இருக்கும். தயிர் நாலு, நாலரை. லீமாவ் சாறு 2க்கும் இரண்டரைக்கும் இடையில். பேட்டரி ஆசிட் 1க்கும் கீழே. மறுபக்கத்தில் வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பின் தெளிநீர் 12க்கும் மேல்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒரு படி இறங்கினால் புளிப்பு இரண்டு மடங்கு ஆகிறது என்று நினைக்காதீர்கள். பத்து மடங்கு ஆகிறது! இரண்டு படி இறங்கினால் நூறு மடங்கு.

பிள்ளைகளுக்கு இதை வீட்டிலேயே காட்டலாம். சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலச் சாயம் இறங்கும். அதில் லீமாவ் பிழிந்தால் ஊதாவாக, பிறகு இளஞ்சிவப்பாக மாறும். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவந்துபோகிறதே, அதுவும் இதே கணக்குதான். மஞ்சள் காரத்தைக் கண்டால் சிவக்கும். அதிலே போதுமான அளவு லீமாவ் பிழிந்தால் மீண்டும் மஞ்சளாகிவிடும். சமையல் பொருளை வைத்து மட்டும் இதைச் செய்யுங்கள். ஸ்டோர் ஆசிட்டும் கக்கூஸ் மருந்தும் பிள்ளைகள் விளையாட்டுக்கு ஆகாது.

பாலுக்கு நடப்பதுதான் கண்ணுக்கும்

ரப்பர் பாலில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரை ரப்பர். மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். ரப்பர் துளிகள் அதில் தனித்தனியாக மிதக்கின்றன. ஒவ்வொரு துளியையும் சுற்றிப் புரதத் தோல் ஒன்று இருக்கிறது. அந்தத் தோலில் எதிர் மின்னேற்றம் இருப்பதால் ஒரு துளி இன்னொன்றைத் தள்ளிவிடுகிறது. அதனால்தான் பால் பாலாகவே இருக்கிறது.

ஆசிட் ஊற்றியதும் அந்த மின்னேற்றம் அடங்கிப்போகிறது. பிஎச் ஏறத்தாழ 5க்கு இறங்கும்போது துளிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும். ஆசிட் ஊற்றாமல் மங்கிலேயே விட்டாலும் சில மணி நேரத்தில் பால் உறைவதைப் பார்க்கிறோம். அதற்கும் காரணம் ஆசிட்தான். கிருமிகள் பாலில் உள்ள சர்க்கரைச் சத்தைத் தின்று ஆசிட்டை உண்டாக்குகின்றன. பசும்பால் தயிராவது போலத்தான்.

நம் உடம்பும் பெரும்பகுதி தண்ணீரும் புரதமும்தான். கெட்டி ஆசிட் பட்டால் தோலில் உள்ள புரதம் உறைந்து, வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி ஆகிவிடுகிறது. கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல இருக்கும் விழிப்படலமும் அப்படியே மங்கி வெளுத்துவிடும். வெந்த முட்டையைத் திரும்பப் பச்சை முட்டையாக்க முடியுமா? கடுமையாகச் சேதமான விழியும் அப்படித்தான்.

பார்மிக் ஆசிட்டில் இன்னொரு பொல்லாத்தனம் உண்டு. உடம்பில் பெரிய இடத்தில் பட்டாலோ, வாய்வழியாக உள்ளே போனாலோ அது இரத்தத்தில் கலந்துவிடும். இரத்தத்தைப் புளிக்க வைக்கும், சிவப்பணுக்களை உடைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். உயிருக்கே ஆபத்து. “மேலே கொஞ்சம் வெந்திருக்கு, அவ்வளவுதான்” என்று வீட்டிலேயே படுத்துவிடக் கூடாது.

கலக்கும்போது கவனிக்க வேண்டியவை

பாலில் ஊற்றும் ஆசிட்டை முதலில் தண்ணீரில் கலந்து 2, 3 விழுக்காட்டுக்குக் குறைத்துக்கொள்வதே வழக்கம். கெட்டி ஆசிட் ஒரு பங்குக்குத் தண்ணீர் நாற்பது பங்கு போலப் பிடிக்கும். சரியான அளவை உங்கள் ஸ்டோரில் ஒட்டியுள்ள அட்டவணையைப் பார்த்தே செய்யுங்கள். அப்படி நீர்த்த பிறகு அதன் புளிப்பு லீமாவ் சாற்றின் அளவுக்கு வந்துவிடும். அப்போதும் அது கண்ணில் பட்டால் ஆபத்துதான், ஆனால் கேனில் இருக்கும் கெட்டி ஆசிட்டின் கொடூரம் இல்லை. ஆகவே அதிக ஆபத்து கேனைத் திறந்து ஊற்றிக் கலக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான்.

முதல் விதி: தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கெட்டி ஆசிட் தண்ணீரோடு சேரும்போது சூடு பிறக்கும். ஆசிட் அதிகமாகவும் தண்ணீர் கொஞ்சமாகவும் இருந்தால் அந்தச் சூட்டில் கொதித்து முகத்தில் தெறிக்கும். சல்பூரிக் ஆசிட்டில் இது மிகக் கடுமை. எந்த ஆசிட்டானாலும் இந்த ஒரே பழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: கேன் மூடியை மெதுவாகத் திறங்கள். வெயிலில் கிடந்த கேனில் உள்ளே அழுத்தம் சேர்ந்திருக்கலாம். முகத்தை மூடிக்கு நேராக நீட்ட வேண்டாம்.

மூன்றாவது: பக்கவாட்டிலும் மூடியிருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, முழங்கை வரை நீண்ட ரப்பர் கையுறை, ஏப்ரன், பூட்ஸ் இவை இல்லாமல் கேனைத் தொட வேண்டாம். சிலுவாரைப் பூட்ஸுக்குள் சொருகாமல் வெளியே விடுங்கள். சொருகினால் வழிந்த ஆசிட் பூட்ஸுக்குள் இறங்கிக் காலை வேகவைக்கும்.

நான்காவது: காற்றோட்டமான இடத்தில் கலக்குங்கள். ஆசிட் ஆவியும் மூக்கு, தொண்டை, நெஞ்சு எல்லாவற்றையும் எரிக்கும்.

ஐந்தாவது: கேனைத் திறப்பதற்கு முன்பே பக்கத்தில் தாராளமாகச் சுத்தமான தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். பத்து எட்டு வைத்தால் தண்ணீர் எட்ட வேண்டும். தண்ணீர் இல்லையென்றால் ஆசிட்டும் திறக்கக் கூடாது.

விலை குறைவு என்று சிறுதோட்டக்காரர்கள் சிலர் பேட்டரி ஆசிட் ரகமான சல்பூரிக்கைப் பாலில் ஊற்றுவது உண்டு. இது ஊற்றுபவருக்கும் ஆபத்து, ரப்பரின் தரமும் கெடும். அதனால்தான் பால் உறைய வைப்பதற்குப் பார்மிக்கைப் பரிந்துரைக்கிறார்கள்.

இன்று பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. “எங்களுக்கு ஆசிட் வேலையே இல்லை” என்று நினைக்க வேண்டாம். டிராக்டருக்கும் லோரிக்கும் பேட்டரி பார்ப்பவர்களுக்குச் சல்பூரிக் ஆசிட் அன்றாட விஷயம். கடப்பாரை, சாவி எதையாவது பேட்டரி மேல் வைத்துத் தீப்பொறி கிளப்பினால், அங்கே சேர்ந்திருக்கும் ஹைட்ரஜன் வாயு வெடித்து ஆசிட் முகத்தில் தெறிக்கும். பேட்டரி பக்கத்தில் சிகரெட்டும் ஆகாது.

போத்தலில் இருக்கும் எமன்

இப்போது தாய்மார்கள் கவனிக்க வேண்டிய இடம். ஆசிட்டைக் குடிதண்ணீர்ப் போத்தலிலோ, கலர்த் தண்ணீர்ப் போத்தலிலோ ஊற்றி வைக்கவே கூடாது. பார்மிக் ஆசிட் பார்ப்பதற்குத் தண்ணீர் மாதிரியே இருக்கும். ஓடி விளையாடித் தாகத்தோடு வரும் பிள்ளைக்கு என்ன தெரியும்? வேலைக்காட்டில் களைத்துப்போன பெரியவருக்கே தெரியாது, எடுத்து வாயில் ஊற்றிவிடுவார். ஒரே ஒரு வாய்தான், தொண்டையும் இரைப்பையும் வெந்துவிடும்.

ஆசிட்டை வீட்டுக்குக் கொண்டுவரவே வேண்டாம். ஸ்டோரிலும் அதன் சொந்தக் கேனிலேயே, லேபிள் கிழியாமல், பூட்டுப் போட்டு வைக்க வேண்டும். சிவப்புக் கோடு போட்ட சாய்சதுரத்துக்குள், கையின் மேலும் இரும்பின் மேலும் சொட்டு விழுந்து அரிப்பது போன்ற படம் இருந்தால் ‘இது அரிக்கும் பொருள்’ என்று அர்த்தம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இந்தப் படத்தைக் காட்டிக் கொடுங்கள்.

கக்கூஸ் கழுவும் மருந்தில் ஆசிட் இருக்கிறது என்று சொன்னோமல்லவா? அதோடு குளோராக்ஸ் என்று நாம் பொதுவாகச் சொல்லும் வெளுப்பு மருந்தைச் சேர்த்து ஊற்றினால் ‘ரெண்டும் சேர்ந்தா நல்லா வெளுக்கும்’ என்று சிலர் நினைக்கிறார்கள். வெளுப்பதற்கு முன் மூச்சே நின்றுவிடும்! இரண்டும் சேர்ந்தால் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். கதவடைத்த சின்னக் குளியலறையில் அது உயிரைப் பறிக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு மருந்துதான்.

பட்டுவிட்டால் என்ன செய்வது?

கண்ணில் பட்டால்: கசக்காதீர்கள். அந்த நொடியே சுத்தமான தண்ணீரை மெல்ல ஓட விட்டுக் கழுவுங்கள். இமையை விரலால் திறந்து பிடித்துக்கொண்டு குறைந்தது 20 நிமிடம் கழுவ வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் பட்டிருந்தால் அந்தக் கண்ணைக் கீழ்ப்பக்கமாகச் சாய்த்துக் கழுவுங்கள். கழுவிய தண்ணீர் நல்ல கண்ணுக்குள் போகக் கூடாது. 20 நிமிடம் என்பது நீண்ட நேரம்தான். இன்னொருவர் கூட நின்று தைரியம் சொல்லிப் பிடித்துக்கொள்ளட்டும். வண்டி வரும் வரை என்று காத்திருந்து கழுவாமல் விடக் கூடாது. முதலில் தண்ணீர், பிறகுதான் வண்டி.

தோலில் பட்டால்: ஆசிட் நனைந்த சட்டை, சிலுவார், பூட்ஸ், மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 20 நிமிடமாவது தண்ணீர் ஊற்றுங்கள். வெட்கம் பார்க்கும் நேரம் அல்ல இது. உதவி செய்பவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும்.

வாயில் போனால்: வாயைக் கொப்பளிக்கச் செய்யுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இறங்கும்போது வேகவைத்த ஆசிட் ஏறும்போதும் வேகவைக்கும். வேறு எதையும் குடிக்கக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். 999க்கு அழையுங்கள்.

ஆவியை இழுத்து மூச்சுத் திணறினால்: வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து உட்கார வைத்து, உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.

கூடவே லேபிளையோ அதன் படத்தையோ மருத்துவரிடம் காட்டுங்கள். ‘ஏதோ ஆசிட்’ என்பதைவிட ‘பார்மிக், 90 விழுக்காடு’ என்று சொன்னால் வைத்தியம் சீக்கிரம் தொடங்கும்.

செய்யக் கூடாததையும் சொல்லிவிடுகிறோம். பற்பசை, கிச்சாப், மஞ்சள், எண்ணெய் எதையும் தடவாதீர்கள். “ஆசிட்டுக்கு எதிரி சுண்ணாம்புதானே, அதை வெச்சா அடங்கிடும்” என்று புத்திசாலித்தனமாக யோசிப்பவர்களும் உண்டு. ஆசிட்டும் காரமும் சேர்ந்தால் சூடு கிளம்பும். ஏற்கனவே வெந்த இடத்தில் அது இன்னொரு தீக்காயம். போதாததற்குச் சுண்ணாம்பே கண்ணைக் குருடாக்கக் கூடியது. காரத்தை லேசாக எண்ணாதீர்கள். பால் கெடாமல் இருக்கச் சேர்க்கும் அமோனியாவும் புத்தகப்படி ‘பலம் குறைந்த’ காரம்தான், ஆனால் கண்ணுக்குள் ஆழமாக இறங்கிச் சேதம் செய்வதில் அது ஆசிட்டையே மிஞ்சிவிடும். எதற்கும் முதல் மருந்து தண்ணீர், தண்ணீர், தண்ணீர்தான்.

கேட்டுப் பெற வேண்டியது உங்கள் உரிமை

இவ்வளவும் சொன்ன பிறகு, “கண்ணாடி எங்கேங்க கொடுக்கிறாங்க?” என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி.

1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தோட்டத் தொழிலுக்கும் உரியது. தொழிலாளியின் பாதுகாப்புக்கு வேண்டியதைச் செய்வது முதலாளியின் கடமை. அந்தச் சட்டப்படி கொடுக்க வேண்டிய பாதுகாப்புச் சாமான்களுக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது; சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது என்று 26ஆம் பிரிவு சொல்கிறது. ஆபத்தைப் பற்றிப் புகார் சொன்னதற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதோ அவரைப் பாதிக்கும்படி நடப்பதோ குற்றம் என்கிறது 27ஆம் பிரிவு. 2024 ஜூன் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமான காரணத்தோடு கருதும் தொழிலாளி, முதலாளி அதைச் சரிசெய்யாதபோது, அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ளலாம்.

சட்டம் நமக்கும் கடமை வைத்திருக்கிறது. கொடுத்த கண்ணாடியையும் கையுறையையும் போட்டுக்கொள்வது நம் பொறுப்பு. “வேர்க்குது, மங்கலா தெரியுது” என்று கழற்றி ஆணியில் மாட்டி வைத்தால் ஆணிக்குத்தான் பாதுகாப்பு.

வேலையில் ஆசிட் பட்டுக் காயம் ஏற்பட்டால், சின்னதாக இருந்தாலும் அன்றே மண்டோரிடமோ கிராணியிடமோ சொல்லிப் பதிவு செய்யுங்கள். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். 2019 ஜனவரியிலிருந்து சட்டப்படி வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சொக்சோவின் வேலைக் காயப் பாதுகாப்பு உண்டு. உங்கள் பக்கத்து நிரையில் வெட்டும் இந்தோனேசியத் தோழருக்கும் வங்காளதேசத் தோழருக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள். இன்று ‘லேசான எரிச்சல்’ என்று விட்டது ஆறு மாதம் கழித்துப் பார்வை மங்கலாக வந்து நின்றால், பதிவு இல்லாத காயத்துக்கு ஈடு கேட்பது பெரும்பாடு.

நாளைக் காலையில் ஸ்டோருக்குப் போனதும் மூன்று விஷயத்தைப் பாருங்கள். ஆசிட் கேன் பக்கத்தில் தண்ணீர் இருக்கிறதா? கண்ணாடி இருக்கிறதா? லேபிள் இருக்கிறதா? மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மண்டோரிடம் கேளுங்கள்; தனியாகக் கேட்கத் தயங்கினால் நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள். ‘பலம் குறைந்த ஆசிட்தானே’ என்று யாராவது பதில் சொன்னால், பெரட்டுக் கணக்கை அவருக்கும் விளக்கிச் சொல்லுங்கள்.